கரண்ட் அடுப்பு சரி, அதன் லைன்? ஹாப், ஓவன் இணைப்புச் சாமான்கள் ஒரு மதிப்பீடு

கரண்ட் அடுப்பு வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, பில் எவ்வளவு எகிறும் என்பது. அடுத்தது, வீட்டிலிருக்கும் பாத்திரம் ஒத்துவருமா என்பது. வீட்டு லைன் தாங்குமா என்ற கேள்வி, கிரானைட்டை வெட்டி முடித்து, ஒயர்மேன் போர்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கும்போதுதான் வருகிறது. அதனால் இங்கே ஹாபுக்கும் (சமையல் மேடையில் பதிக்கும் அடுப்பு) ஓவனுக்கும் மதிப்பெண் போடவில்லை. வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பாக்ஸிலிருந்து அவை வரைக்கும் போகிற ஒயர், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிப்பது), ஆர்.சி.பி.ஓ. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தாலும் துண்டிப்பது), சுவிட்ச், சாக்கெட், கேபிள், இவற்றோடு பொருத்தித் தரும் சேவை ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண். அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஒரு ஜோடி: பாத்திரம் வைக்க நான்கு வட்டங்கள் உள்ள 7.4 கிலோவாட் இன்டக்‌ஷன் ஹாப். அலமாரிக்குள் உட்காரும், 3 கிலோவாட் அளவில் இழுக்கும் 60–70 லிட்டர் பில்ட்-இன் ஓவன்.

நம் ஊர்க் கடைகளில் ‘ஹாப்’ என்று கேட்டால் முதலில் காட்டுவது கேஸ் ஹாபைத்தான். அதற்குக் கரண்ட் வேண்டியது பற்றவைக்கும் பொறிக்கு மட்டும்; சில மாடல்களில் அதையும் பேட்டரி பார்த்துக்கொள்கிறது. அந்தப் பொறிக்காக விட்டிருக்கும் 6 ஆம்ப்ஸ் பாயின்ட்டைக் காட்டி “ஹாப் லைன் ஏற்கெனவே இருக்கிறது” என்று மாடுலர் கிச்சன்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் பெயரில் மட்டுமே ஒன்று.

கணக்கு எளிது. 7400 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 32 ஆம்ப்ஸ். 3 கிலோவாட் ஓவன் 13 ஆம்ப்ஸ். இரண்டும் சேர்ந்து 45. அதே நேரத்தில் குளியலறையில் 2 கிலோவாட் கீசர் ஓடினால் இன்னொரு 9. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் மின்வாரியத்தில் பதிந்திருக்கும் சுமை பெரும்பாலும் 4 கிலோவாட்டைத் தாண்டாது. ஆக, இந்த ஜோடியை முழு வேகத்தில் ஓட்ட வேண்டுமென்றால் த்ரீ ஃபேஸுக்கும் கூடுதல் சுமைக்கும் விண்ணப்பிப்பதுதான் முதல் வேலை. அடுப்பு வாங்குவது அதற்குப் பிறகு.

த்ரீ ஃபேஸுக்கு வழியில்லாதவர்கள் தேட வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. விற்பனையாளர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பல இன்டக்‌ஷன் ஹாப்களில் மொத்த இழுப்புக்கு ஒரு வரம்பு வைக்கலாம், 2.5, 4, 6, 7.2 கிலோவாட் என்பது போன்ற படிகள் இருக்கும். முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் சில நிமிடங்களுக்குள் செட்டிங் மெனுவில் இதை மாற்ற வேண்டியிருக்கும். வரம்பைத் தொட்டதும் ஹாப் தானே ஏதாவது ஒரு வட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4 கிலோவாட்டில் வைத்தால் ஒரு பக்கம் குக்கரும் மறுபக்கம் குழம்பும் தாராளமாக நடக்கும். இரண்டு வட்டங்களிலும் ஒரே சமயத்தில் பூஸ்ட் போட மட்டும் முடியாது. தொடுதிரை, தானியங்கிச் சமையல் முறைகளைவிட இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். ஆனால் வரம்பு என்பது மென்பொருள். ஹாபுக்கு 4 கிலோவாட் வரம்பு வைத்தாயிற்று என்று சொல்லி 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. போடுவது கூடாது. ஒயரைக் காப்பது எம்.சி.பி.; எம்.சி.பி.க்கு ஏற்ற ஒயர்தான் வேண்டும்.

ஒயர்

ஐ.எஸ். 694 முத்திரையுள்ள, எளிதில் தீப்பற்றாத எஃப்.ஆர். ரகச் செம்பு ஒயர் எந்த நல்ல தயாரிப்பாக இருந்தாலும் தேறும். கம்பெனிப் பெயரைப் பற்றி அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. தவறு நடப்பது அளவில்தான்.

சுவருக்குள் பைப்பில் போகும் பி.வி.சி. செம்பு ஒயர், சுற்றுச்சூழல் 30 டிகிரியாக இருக்கும்போது தாங்குவது இவ்வளவு: 2.5 ஸ்கொயர் என்றால் 24 ஆம்ப்ஸ், 4 ஸ்கொயர் என்றால் 32, 6 ஸ்கொயர் என்றால் 41. இங்கே நிறுத்திவிட்டால் “4 ஸ்கொயரே 32 தாங்குகிறதே” என்று தோன்றும். பெரும்பாலான வீடுகளில் ஹாபுக்கு 4 ஸ்கொயர் இழுக்கப்படுவதும் இப்படித்தான். நம் சமையலறைச் சுவருக்குள் ஏப்ரல், மே மாதங்களில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? 40 டிகிரி என்று வைத்தால் எல்லா எண்ணையும் 0.87ஆல் பெருக்க வேண்டும். 4 ஸ்கொயர் 28க்கு இறங்கிவிடும். 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்குக் கீழே அது நிற்காது. 6 ஸ்கொயர் 35.7 ஆகும், தேறும். ஆனால் ஹாப் லைனையும் ஓவன் லைனையும் ஒரே பைப்பில் திணித்தால் இன்னொரு 0.8 பெருக்கல் சேர்கிறது. அப்போது 6 ஸ்கொயரும் 28.5க்கு வந்து தோற்றுவிடும். ஆகவே ஹாபுக்கு 6 ஸ்கொயர், தனிப் பைப். ஓவனுக்கு வேறு பைப். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஓவனுக்கு 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யோடு 2.5 ஸ்கொயரே கணக்குப்படி போதும். ஆனாலும் சுவர் திறந்திருக்கும்போது 4 ஸ்கொயர் போட்டுவிடுவது நல்லது. விலை வித்தியாசம் டைல்ஸை மறுபடி உடைக்கும் கூலிக்கு முன்னால் ஒன்றுமில்லை. எர்த் ஒயரை ஒரு அளவு குறைத்துப் போடும் வழக்கம் இங்கே உண்டு. 16 ஸ்கொயர் வரைக்கும் எர்த், ஃபேஸ் ஒயரின் அளவிலேயே இருக்க வேண்டும்.

சிறிய ஒயர் போட்டால் உடனே ஏதாவது ஆகுமா என்றால், ஆகாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயரில் 32 ஆம்ப்ஸ் ஓடினால் வழியில் 8.6 வோல்ட் விழும். அடுப்பில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 8.6 வோல்ட், 32 ஆம்ப்ஸ் என்பது ஏறத்தாழ 275 வாட். அவ்வளவு சூட்டையும் சமைக்கும் நேரமெல்லாம் பூச்சுக்குள் புதைத்த பைப் வாங்கிக்கொள்கிறது. பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு வடிவமைத்தது. மாதக்கணக்கில் அதற்கு மேல் வெந்தால் விறைத்து விரிசல் விடும். அதே 15 மீட்டரில் 6 ஸ்கொயர் என்றால் விழுவது மூன்றரை வோல்ட்தான்.

எம்.சி.பி. போதாது என்பதற்கு ஒரு கணக்கு

சொந்த எர்த் குழி உள்ள வீட்டில், குழி நன்றாகவே இருக்கிறது, 5 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓவனுக்குள் ஹீட்டர் கம்பி அறுந்து ஓவனின் உலோக உடம்பைத் தொட்டுவிட்டது. எர்த் வழியே ஓடும் கரண்ட் 230 வகுத்தல் 5, அதாவது 46 ஆம்ப்ஸ். ஓவனையும் ஹாபின் 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யிலேயே சேர்த்திருக்கிறார்கள் என்றால், அந்த எம்.சி.பி., தன் அளவைப் போல் 1.45 மடங்கில், அதாவது 46.4 ஆம்ப்ஸில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் (டிரிப் ஆனால்) போதும் என்பதே அதன் தரவிதி. ‘சி’ வகை எம்.சி.பி. கண் இமைக்கும் நேரத்தில் விழ வேண்டுமென்றால் 5 முதல் 10 மடங்கு, 160 முதல் 320 ஆம்ப்ஸ் வரை ஓட வேண்டும். ஆக, நல்ல எர்த், நல்ல எம்.சி.பி. இரண்டும் இருந்தும், ஓவன் கைப்பிடியில் ஏறத்தாழ முழு வோல்ட்டேஜ் ஒரு மணி நேரம் நிற்கலாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் சமையலறையில் இது விளையாட்டில்லை.

இந்த ஓட்டையை அடைப்பது 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுக் காப்பான். போன இடத்திலிருந்து திரும்பி வரும் கரண்டில் 30 மில்லி ஆம்ப்ஸ் குறைந்தாலே அது விழுந்துவிடும். எர்த் குழி சுமாராக இருந்தாலும் விழும். ஆனால் கூடுதல் இழுப்பிலிருந்து ஒயரைக் காக்கும் வேலையை அது செய்யாது. இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் செய்வது ஆர்.சி.பி.ஓ.

வீட்டுக்கே ஒரே ஆர்.சி.சி.பி. இருந்தால் போதாதா? சட்டத்துக்குப் போதலாம், நிம்மதிக்குப் போதாது. இன்டக்‌ஷன் ஹாபுக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாக, எந்தப் பழுதும் இல்லாமலே சிறிது கரண்ட் எர்த்துக்குக் கசியும். வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்குகள் எல்லாமே இதைத்தான் செய்கின்றன. 30 மில்லி ஆம்ப்ஸ் கருவி 15க்கும் 30க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். எல்லாக் கசிவும் ஒன்றாகக் கூடி 12, 13 என்று நிற்கும் வீட்டில் ஓவனின் பங்கும் சேர்ந்தால், இரவு எட்டு மணிக்கு வீடு முழுக்க இருட்டு. மூன்றாவது தடவை இருட்டானதும் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைத்துவிட்டுப் போகும் ஒயர்மேனை வீட்டுக்காரரே கூப்பிடுவார். ஹாபுக்கு ஒரு 32 ஆம்ப்ஸ் ஆர்.சி.பி.ஓ., ஓவனுக்கு ஒரு 16 ஆம்ப்ஸ் ஆர்.சி.பி.ஓ. என்று பிரித்துவிட்டால் அந்த நிலைமை வராது. எம்.சி.பி.யைவிட விலை பல மடங்கு அதிகம்தான். ஆனாலும் இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்கும் ஒரே பொருள் இதுதான்.

வாங்கும்போது முகப்பில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் ‘ஏசி’ வகை. அலைக்கோட்டுக்குக் கீழே பாதி அலைகளின் கோடும் இருந்தால் ‘ஏ’ வகை. இன்டக்‌ஷன் ஹாபின் மின்னணுப் பலகையில் பழுது வந்தால் கசியும் கரண்ட் முழு அலையாக இருக்காது, அரைகுறையாக வெட்டப்பட்டிருக்கும். ‘ஏசி’ வகை அதைக் காணாமல் விட்டுவிட வாய்ப்புண்டு. கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான் சார்” என்று ‘ஏசி’ வகையை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்தும்போது நடக்கும் தவறு ஒன்று. ஆர்.சி.பி.ஓ.விலிருந்து வரும் நியூட்ரல் நேராக ஹாபுக்குத்தான் போக வேண்டும். பக்கத்துச் சுவிட்ச் பாக்ஸில் கைக்கெட்டிய நியூட்ரலில் அதை முடிச்சுப் போட்டால், வட்டத்தை ஆன் செய்த கணமே ஆர்.சி.பி.ஓ. விழும். பலர் புது ஹாபையே பழுது என்று திருப்பி அனுப்புவது இந்த முடிச்சால். அதுபோல, கத்திரி வெயிலில் மட்டும், அதுவும் அரைமணி நேரச் சமையலுக்குப் பிறகு 32 ஆம்ப்ஸ் விழுந்தால் அடுப்பைத் திட்ட வேண்டாம். எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரிச் சூட்டுக்குக் குறித்தது. வெயில் அடிக்கும் வராந்தாச் சுவரில், காற்றில்லாத டிபி பாக்ஸுக்குள் அது கொஞ்சம் முன்னதாகவே விழும். மாற்ற வேண்டியது டிபி பாக்ஸின் இடம். எம்.சி.பி.யை 40க்கு ஏற்றினால் ஒயருக்குக் காவல் இருக்காது.

கறுப்பு ஒயர்

இவ்வளவையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பகுதியையாவது படித்துவிடுங்கள். அதிகமான ஹாப்கள் சாகும் இடம் இது.

நம் வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஐரோப்பிய ஹாபிலிருந்து வரும் கேபிளில் பழுப்பும் கறுப்பும் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அதாவது நம் ஊர்க் கறுப்பு நியூட்ரல், ஹாபின் கறுப்பு ஃபேஸ். நம் ஊர் நீலம் ஃபேஸ், ஹாபின் நீலம் நியூட்ரல். இருபது வருஷக் கைப்பழக்கத்தில் கறுப்பைக் கறுப்போடும் நீலத்தை நீலத்தோடும் முறுக்கினால், த்ரீ ஃபேஸ் வீட்டில் ஹாபின் பாதிக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் போகும். பலகையிலுள்ள கெப்பாசிட்டர் வெடிப்பது பட்டாசு போலக் கேட்கும். வாரண்டியில் இது வராது.

இதைத் தெரிந்துவைத்திருக்கும் ஒயர்மேனும் மாட்டிக்கொள்ளும் இடம் சாம்பல் நிறம். ஐந்து ஒயர் கேபிளில் சாம்பலை மூன்றாவது ஃபேஸ் என்று புதிய நிற முறையைப் படித்தவர் சொல்வார்; பொதுவிதி அப்படித்தான். ஆனால் 7.4 கிலோவாட் ஹாப்கள் பலவற்றில் நீலமும் சாம்பலும் இரண்டு தனித்தனி நியூட்ரல்கள். சாம்பலில் மூன்றாவது ஃபேஸைக் கொடுத்தால் மறுபடியும் 400 வோல்ட்தான்.

நிறத்தை நம்பாமல் எழுத்தை நம்புவதே இதற்கு மருந்து. ஹாபின் அடிப்புறத்தில் எல் 1, எல் 2 (ஃபேஸ்), என் (நியூட்ரல்), எர்த் குறி என்று படத்தோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கிரானைட்டில் இறக்கும் முன் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு பார்க்க முடியாது. சிங்கிள் ஃபேஸில் இணைக்கும்போது எல் 1, எல் 2 இரண்டையும் ஒரு செம்புத் தகட்டால் பாலம் போட்டு இணைக்க வேண்டும். அந்தத் தகடு சில ஹாப்களில் கம்பெனியிலிருந்தே மாட்டி வரும், சிலவற்றில் பையில் தனியாக இருக்கும். மாட்டி வந்த தகட்டைக் கழற்றாமல் இரண்டு வெவ்வேறு ஃபேஸைக் கொடுத்தால், அது நேரடி ஷார்ட். ஒயரை ஹாபில் சேர்க்கும் முன் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எல் 1க்கும் என்-க்கும் நடுவில் 220–240, எல் 2க்கும் என்-க்கும் நடுவிலும் அதே அளவு இருக்க வேண்டும். எந்த எல்-க்கும் என்-க்கும் நடுவில் 400 காட்டினாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். டெஸ்டர் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது இங்கே சோதனையே ஆகாது. 230க்கும் 400க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

த்ரீ ஃபேஸ் வீடுகளில் இன்னொன்று

நம் ஊர்த் த்ரீ ஃபேஸ் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் திருப்பிக்கொள்ள ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். ஐரோப்பிய மேனுவல் எழுதியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு ஃபேஸில், ஒரே நியூட்ரலோடு இணைத்த ஹாபில், ஃபேஸுக்கு 16 ஆம்ப்ஸ் வீதம் ஓடும்போது நியூட்ரலில் திரும்புவதும் 16தான். இரண்டும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலகி இருப்பதால் கூட்டுத்தொகை ஏறுவதில்லை. ஒரு ஃபேஸ் போய், நீங்கள் சுவிட்சைத் திருப்பி இரண்டையும் ஒரே ஃபேஸில் போட்ட நிமிடம் அந்த விலகல் போய்விடும். 16ம் 16ம் நேராகக் கூடி நியூட்ரலில் 32 ஆம்ப்ஸ். ஒயர் 2.5 ஸ்கொயர் என்றால் நியூட்ரல் வேகும், நியூட்ரலில் எம்.சி.பி. இல்லாததால் எதுவும் விழவும் விழாது.

ஆகவே இங்கே தேர்வு வெளிப்படையானது. மேனுவல் இரண்டு ஃபேஸ் இணைப்பையே முதலாகக் காட்டினாலும், ஸ்டிக்கர் சிங்கிள் ஃபேஸ் இணைப்பை அனுமதித்தால் ஹாபை ஒரு ஃபேஸில் 32 ஆம்ப்ஸாகவும், ஓவனை இன்னொரு ஃபேஸில் 16 ஆம்ப்ஸாகவும் கொடுப்பதே நம் வீடுகளுக்குச் சரி. ஒயர் கொஞ்சம் தடிமனாகும், குழப்பம் பாதியாகும். இரண்டு ஃபேஸ்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் நியூட்ரலை 6 ஸ்கொயரில் இழுத்து, இரண்டு ஃபேஸும் ஒரே நெம்புகோலில் சேர்ந்து விழும்படி செய்ய வேண்டும்.

இன்வெர்ட்டர் லைனிலோ, அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் லைனிலோ இவற்றைச் சேர்க்கவே கூடாது. 7 கிலோவாட்டுக்கு ஸ்டெபிலைசரும் வீண்செலவு. மின்னல் அடிக்கும் பகுதியாக இருந்தால் டிபி பாக்ஸில் சர்ஜ் காப்பான் ஒன்று போடுவது பயன்தரும்.

சுவிட்ச், சாக்கெட், பிளக்

பிளக் இல்லாமல் வரும் ஹாபுக்கு, எல்லா முனைகளையும் ஒன்றாகத் துண்டிக்கும், திறந்தால் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடும் சுவிட்ச் வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். கீசருக்குப் போடும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்ப்ஸ் டபுள் போல் சுவிட்ச் இதற்குத் தேறாது. மாடுலர் வரிசையிலேயே சிவப்பு விளக்கோடு 32 ஆம்ப்ஸ் டபுள் போல் கிடைக்கிறது. ஹாபுக்கு நேர் மேலே சுவரில் வைக்காமல் பக்கவாட்டில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தீக்கு மேலே கை நீட்டி அணைக்க முடியாது.

சுவிட்சிலிருந்து ஹாப் கேபிளுக்கு மாறும் முடிச்சுதான் பலவீனமான இடம். வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் கனெக்டர் இங்கே தேறாது. 30 ஆம்ப்ஸில் திருகு சூடேறி அது இளகிவிடும். பீங்கான் கனெக்டர், 6 ஸ்கொயர் உள்ளே முழுமையாக நுழையும் அளவில், மூடியுள்ள பெட்டிக்குள், வேண்டும். பல இழை கேபிளின் நுனியில் லக் (இழைகளை இறுக்கிப் பிடிக்கும் உலோக முனை) அடித்துப் பிறகு திருக வேண்டும். வெறும் இழைகளை முறுக்கிச் செருகினால் நாளடைவில் தளர்ந்து, தளர்ந்த இடம் சூடாகி, சூட்டில் இன்னும் தளரும்.

ஓவனுக்கு 16 ஆம்ப்ஸ் சாக்கெட் போதும். வீட்டில் இன்னமும் 15 ஆம்ப்ஸ் பவர் பிளக் என்று சொல்கிறோமே, அதுதான். ஒரு மணி நேரம் தொடர்ந்து 13 ஆம்ப்ஸ் இழுக்கும் பொருளுக்கு, 6ம் 16ம் இரண்டையும் ஏற்கும் சாக்கெட்டைவிட 16 மட்டும் ஏற்கும் சாக்கெட்டே நல்லது. தடித்த முள்ளை அது இறுகப் பிடிக்கும். சாக்கெட்டை ஓவனுக்குப் பின்னால் வைக்கச் சொல்லும் வடிவமைப்பாளரிடம், ஓவனை இழுக்காமல் பிளக்கை எப்படிப் பிடுங்குவது என்று கேளுங்கள். பக்கத்து அலமாரிக்குள் வைத்து, பலகையில் ஒரு துளை போட்டுக் கேபிளை எடுத்துவருவதே முறை. ஓடி முடித்ததும் பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்பு இருக்கலாம். கை சுட்டாலோ முள்ளைச் சுற்றிப் பழுப்பேறினாலோ சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஓவன் என்றால் பிளக்கைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இரண்டு உருண்டை முள் உள்ள ஐரோப்பியப் பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. நம் ஊரில் எல்லா முள்ளையும் ஏற்கும் ‘யுனிவர்சல்’ சாக்கெட்டில் அது அழகாக உட்காரும், ஓவனும் ஓடும், எர்த் மட்டும் எங்கும் தொடாது. சிங்கப்பூர், துபாயிலிருந்து வரும் சதுர முள் பிளக்குக்கு அடாப்டர் போட்டு ஓவனை ஓட்டுவதும் வேண்டாம். அந்த அடாப்டர்கள் மணிக்கணக்கான 13 ஆம்ப்ஸுக்குச் செய்தவை அல்ல. 16 ஆம்ப்ஸ் முப்பின் பிளக்காக மாற்றிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து ரேஞ்ச் (அடுப்பும் ஓவனும் ஒன்றாக உள்ளது) கொண்டுவரும் எண்ணமிருந்தால் கைவிடலாம். அது 120, 240 என்று இரண்டு வோல்ட்டேஜையும் எதிர்பார்க்கும்.

அலமாரிக்குள்

ஹாபின் அடிப்புறத்தையோ ஓவனின் மேல் தகட்டையோ கேபிள் தொடக் கூடாது. 90 டிகிரி தாங்கும் கேபிளாக இருந்தாலும் கிளிப் அடித்துச் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டும். ஹாபுக்கு நேர்க்கீழே ஓவன் வைப்பதானால், குளிர்விக்கும் விசிறி உள்ள ஓவனைத்தான் பல ஹாப் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். தச்சர் காற்று வழியை அழகுக்காக அடைத்திருந்தால் முதலில் சாவது ஹாபின் விசிறி. கீழே இழுப்பறை வைத்து அதில் அலுமினிய ஃபாயில் சுருளை வைப்பது இன்னொரு வழக்கம். அதைக் குழாய்த்தொட்டிப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

புது ஓவன், முதல் நாள், ஆர்.சி.பி.ஓ. விழுகிறது

இதைப் பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஓவன் ஹீட்டரின் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும். குடோனில் மாதக்கணக்கில் கிடந்த ஓவன், அதுவும் கடலோர ஊரில், முதல் நாள் எர்த்துக்குக் கசியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சர்வீஸ்காரர் 500 வோல்ட் மெகர் (கரண்ட் கசியாமல் காக்கும் உறையின் தடையை அளக்கும் கருவி) கொண்டு அளந்தால் தெரிந்துவிடும்: ஒரு மெக்-ஓமுக்கு மேலே இருந்தால் கவலையில்லை, கீழே இருந்தால் ஹீட்டரை உலர்த்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். உலர்த்துகிறேன் என்று எர்த் ஒயரைக் கழற்றியோ, ஆர்.சி.பி.ஓ.வைத் தாண்டி நேராகக் கொடுத்தோ ஓட்டச் சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள். விழுவது குறிப்பிட்ட ஒரு முறையில் மட்டும் என்றால், உதாரணமாகக் கிரில் போட்டால் மட்டும், எந்த ஹீட்டர் என்பதும் கையோடு தெரிந்துவிட்டது.

பொருத்தும் சேவை

கம்பெனி ஆள் வந்து இலவசமாகப் பொருத்தித் தருவார் என்பதில் பாதிதான் உண்மை. அவர் ஹாபை இறக்கி, ஒயரைச் சேர்த்து, ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டுவார். சுவருக்குள் இருப்பது என்ன ஸ்கொயர் என்று பார்ப்பது அவர் வேலையில் சேராது. அந்த வேலைக்கு, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற ஒயர்மேனைத் தனியாக, ஹாப் வரும் நாளுக்கு முன்னதாகவே அழைக்க வேண்டும். நாமே திருகாணியைப் பிடிக்கும் வேலையில்லை இது. ஆனால் பக்கத்தில் நின்று கேட்கலாம்.

பூசி மூடும் முன் ஒயரின் மேல் அச்சிட்ட அளவைக் காட்டச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாபைச் சேர்க்காத நிலையில் லைனை மெகர் போட்டுப் பார்க்க வேண்டும். சேர்த்த பிறகு போட்டால் மின்னணுப் பலகை அடிவாங்கும். எர்த் ஒயர் டிபி பாக்ஸ் வரை அறுபடாமல் போகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஆர்.சி.பி.ஓ.வின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழ வேண்டும். பிறகுதான் முக்கியமான சோதனை: நான்கு வட்டங்களிலும் தண்ணீர் நிரப்பிய பாத்திரம் வைத்து அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஃபேஸ் ஒயரில், கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட வேண்டும். வரம்பு வைக்காத ஹாபில் 30 ஆம்ப்ஸை ஒட்டிக் காட்டினால் சரி. அரைமணி முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு எம்.சி.பி. முனை, சுவிட்ச், பீங்கான் கனெக்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே திருகு தளர்ந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து, மெயினை அணைத்து, எல்லாத் திருகுகளையும் இன்னொரு முறை இறுக்கித் தரும்படி முதலிலேயே பேசிக் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. தனியாகக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

வேலை முடிந்ததும் ஹாப் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஹாபுக்கு எந்த ஆர்.சி.பி.ஓ., ஓவனுக்கு எது, எந்தெந்த ஃபேஸ், ஒயர் என்ன அளவு, ஹாபில் வைத்த வரம்பு எத்தனை கிலோவாட், திருகுகளை எப்போது இறுக்கியது. அடுத்த ஒயர்மேன் வரும்போது போர்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.